கடைமடையில் ஒரு ‘மைட்’

அந்த யோசனை எனக்கு வந்தபோது நான் எங்கள் நெல் அம்பாரத்தின் மேல் குப்புறப் படுத்து, தார்ப்பாயின் மூலையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம். சம்பா அறுவடை முடிந்து, ஊர் நெல் முழுக்க கொள்முதல் நிலையத்தின் முன்னால் குவிந்து கிடந்தது. நம் முறை வந்து எடை போடும்வரை நெல்லோடு ஒரு ஆள் காவல் இருந்தாக வேண்டும். அப்பாவும் நானும் மாறி மாறி இருந்தோம். அன்றைக்கு மதியம் மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு மேகம் புறப்பட்டு வந்தது. நல்ல எருமைக் கறுப்பு. அவசரமே இல்லாமல், எங்கள் அம்பாரங்களை ஒவ்வொன்றாகப் பார்வையிடுவதுபோல நகர்ந்தது.

“ஒண்ணும் வராது” என்றார் அப்பா, கயிற்றில் முடிச்சுப் போட்டபடி.

“இது கலைஞ்சிடும்ங்க” என்றார் பக்கத்து அம்பாரத்துக்காரர், தார்ப்பாய் ஓரத்தில் செங்கல்லை அடுக்கியபடி.

“மாசியில எங்கேருந்துய்யா மழை?” என்று சிரித்தார் அதற்கடுத்த அம்பாரத்துக்காரர். சிரித்துக்கொண்டே மண்வெட்டியால் நெல்லைச் சுற்றி வடிகால் வெட்டிக்கொண்டிருந்தார்.

எல்லார் வாயும் வராது என்றது. எல்லார் கையும் வரும் என்றது. தார்ப்பாயின் மேல் படுத்திருந்த எனக்கு மண்டைக்குள் பல்பு எரிந்தது. அண்ணி ஆங்கிலத் தேர்வில் ஏன் தோற்றார் என்பது புரிந்துவிட்டது. எழுந்து நின்று, “அப்பா, கண்டுபிடிச்சுட்டேன்!” என்று கத்தினேன்.

“என்னத்தடா கண்டுபிடிச்ச? முதல்ல அந்த மூலையைப் புடி” என்றார் அப்பா. அதற்குள் காற்று மூலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மேகம் அன்றைக்குக் கலைந்துதான் போனது. மூவருமே, “நான்தான் சொன்னேன்ல?” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். அண்ணி தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். எங்கள் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறார். கல்யாணமான பிறகு இருவரும் சேர்ந்து இருந்ததைவிட வீடியோ காலில் இருந்ததுதான் அதிகம். “நம்ம வீட்டுக்காரர் எப்படி இருப்பார்னு கேட்டா, நெட்வொர்க் போன மாதிரி இருப்பார்னு சொல்லுவேன்” என்பார் அண்ணி. அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை அவரை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. அண்ணி போனால் அண்ணனும் அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளலாம். குறுக்கே நின்றது நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வு. எழுத்து, வாசிப்பு, கேட்பது எல்லாவற்றிலும் பாஸ். பேச்சில் மட்டும் பெயில். பங்குனி முடிவதற்குள் அதில் தேறினால் இடம் இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று அயர்லாந்திலிருந்து மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

நான் பொறியியல் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே யாருக்கோ எதையோ கணினியில் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் இருந்தேன். மிச்ச நேரத்தில் தேனீ வளர்த்தேன். அவை தாமாகவே வெளியேறிவிட்டன. ஜப்பானிய மொழி கற்றேன். எண்ணிக்கை வரைக்கும் வந்தது. மாடியில் ஒரு மூலையில் காளான் போட்டேன். “இவன் எதை ஆரம்பிச்சாலும் வீட்ல ஒரு ரூம் போயிடுது” என்பது அம்மாவின் குறை. அந்த வரிசையில், வீடியோ பார்த்துக் கற்ற ஆங்கில இலக்கணம் புதிதாகச் சேர்ந்திருந்தது. அதற்கு ரூம் வேண்டாம் என்பதால் அம்மா எதிர்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைவதற்குள் பிடித்துக்கொண்டேன்.

“அண்ணி, அந்தப் பேச்சுத் தேர்வுல என்ன நடந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“செருப்பைக் கழட்ட விடுங்க தம்பி.”

“கழட்டிக்கிட்டே சொல்லுங்க.”

“ஒரு சீட்டுக் குடுத்தாங்க. எதுக்க இருக்கவர் பேஷண்டா நடிப்பாரு. ஆப்பரேஷன் ஆகி மறுநாளே வீட்டுக்குப் போகணும்னு அடம் புடிக்கிறாரு. போனா என்னென்ன ஆகலாம்னு நான் எடுத்துச் சொல்லணும்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்கன்னேன்.”

“அவரு?”

“அப்பன்னா நான் கிளம்புறேன்னாரு.”

“நீங்க?”

அண்ணி தயங்கினார். “ஆஸ்பத்திரியில ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லக் கூடாது, திரும்ப வந்துடுவாங்க. அதனால ‘நல்லா இருங்க’ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

சீட்டில் எழுதியிருந்தபடி ஐந்து நிமிடம் பேச வேண்டிய பேஷண்ட், ஒரே நிமிடத்தில் ஆசீர்வாதத்தோடு டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார்.

“அண்ணி, உங்க இங்கிலீஷ்ல கோளாறே இல்ல. உங்களுக்கு அந்த ‘மைட்’ங்கிற வார்த்தை வரல, அவ்வளவுதான்” என்றேன்.

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் காவிரியை வரைந்தேன். மேட்டூரில் ஆரம்பித்து எங்கள் ஊர் வழியாகக் கடல்வரை நீலப் பேனாவில் ஒரே கோடு. மேட்டூரில் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லணைக்குத் தண்ணீர் வரும், அது ‘வில்’. யாரும் தடுக்க முடியாது. தஞ்சாவூருக்கு வந்துவிட வேண்டும், கணக்குப்படி வர வேண்டும், அது ‘ஷுட்’. மன்னார்குடிக்கு வரலாம். அது ‘மே’. அதற்கும் கீழே, வாய்க்காலுக்கு வாய்க்கால் பிரிந்து, ஆகாயத்தாமரையில் சிக்கி, மேலே உள்ளவர்களெல்லாம் எடுத்ததுபோக எங்கள் வயலுக்கு வந்தாலும் வரும், வராவிட்டாலும் இல்லை. நாங்கள் கடைமடை. அது ‘மைட்’.

“அந்த ‘மைட்’டை நம்பித்தான்டா வருஷா வருஷம் நாத்து விடுறோம்” என்றார் அப்பா. டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாலும் காது இங்கேதான் இருந்தது.

“அப்ப ‘குட்’ எங்க வரும்?” என்று கேட்டார் அண்ணி.

“மதகுல. தூக்கினா வர முடியும். வழி இருக்கு, அவ்வளவுதான். தூக்குவாங்களான்னு அது சொல்லாது.”

“‘கேன்’?”

“அது பொதுவாச் சொல்றது. மாசியிலயும் மழை பெய்யும், முன்னாடி பெஞ்சிருக்கு. இன்னிக்குப் பெய்யுமான்னு கேட்டா ‘கேன்’ வாயைத் தொறக்காது, ‘மே’யையும் ‘மைட்’டையும் கைகாட்டிடும்.”

“சரி, சமுத்திரம்?” என்று காலண்டரின் ஓரத்தைக் காட்டினார்.

“அங்கேருந்து நம்ம வாய்க்காலுக்குத் தண்ணி திரும்பி வராது. ‘காண்ட்’.”

அண்ணிக்கு எல்லாம் ஒரே மூச்சில் பிடிபட்டது. உற்சாகத்தில் நான் சோதனையில் இறங்கினேன். நாளைக்கு நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்பதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன், சொன்னார். காய்ச்சல் இறங்கினாலும் இறங்கும்; சொன்னார். காயத்தில் சீழ் பிடிக்கலாம் என்றேன்.

அண்ணி வாயைத் திறந்தார். “தி ஊண்ட்...” என்றார். “தி ஊண்ட்... வில் பி ஓகே.”

“அண்ணி!”

“வாய் வரமாட்டேங்குது தம்பி.”

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா பேச்சு இது, சீழு கீழுன்னு? நல்ல வார்த்தையே கிடைக்கலையா உனக்கு?”

அம்மாவைப் பொறுத்தவரை எங்கள் வீட்டுக்குள் ஒரு தேவதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஒரே ஒரு வேலை. நம் வாயிலிருந்து எது வந்தாலும் ‘அப்படியே ஆகட்டும்’ என்று சொல்வது. நல்லது கெட்டது அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் நாங்கள் விளக்கை அணைப்பதில்லை, குளிர வைக்கிறோம். உப்பு தீர்ந்துபோவதில்லை, வாங்க வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கு ஆக்ஸிடென்ட் ஆகிக் கால் முறிந்தபோதுகூட, அம்மா உறவினர்களுக்கெல்லாம் “காலுக்கு கொஞ்சம் ஓய்வு குடுத்திருக்காங்க” என்றுதான் தகவல் சொன்னார். இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமில்லை. கொள்முதல் நிலையத்தில் கறுத்த மேகத்துக்குக் கீழே நின்றவர்கள் அத்தனை பேரும் அந்தத் தேவதையின் காதுக்குப் பயந்துதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி பிறந்ததும் இதேபோல ஒரு வீடு, பக்கத்துத் தாலுகாவில்.

அம்மாவிடம் பேச்சுவார்த்தைக்குப் போனேன்.

“அம்மா, அந்த தேவதை எந்த ஊரு?”

“கேலியா பண்ற?”

“இல்லம்மா, நெசமாத்தான் கேக்குறேன். தமிழ் தெரிஞ்ச தேவதைதானே? அண்ணி சொல்லப்போறது இங்கிலீஷ்ல. அதுக்கு என்ன புரியும்?”

அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடி யோசித்தார். இந்தக் கோணத்தில் அவர் பார்த்ததில்லை. கடைசியில் ஒப்புக்கொண்டார், நிபந்தனைகளோடு. வெள்ளிக்கிழமை கூடாது. வீட்டில் யார் பேரையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. சொல்லி முடித்ததும் இருவரும் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார வேண்டும்.

மறுநாளிலிருந்து நான் பேஷண்ட் ஆனேன். கட்டிலில் படுத்துக்கொண்டு ஊசி வேண்டாம் என்றேன், மாத்திரையைத் துப்பினேன், தையலைப் பிரிக்காமலே கபடி ஆடப் போவதாக மிரட்டினேன். அண்ணி நல்லவிதமாகக் கெஞ்சினாரே தவிர, பயமுறுத்தும் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் நாடகம் புரிந்துவிட்டது. “ஏன்டா, அந்தப் பொண்ணு எவ்வளவு பொறுமையாச் சொல்லுது, கேட்டாத்தான் என்ன? இவனையெல்லாம் அட்மிட் பண்ணவே கூடாதும்மா” என்று எனக்கு எதிராகக் கட்சி சேர்ந்தார்.

பெரிய கெடுதல் வரவில்லை என்றால் சின்னதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று முடிவுசெய்தேன். பால் பொங்கிவிடலாம் என்று சொல்லுங்கள் அண்ணி. அவர் தயங்கி, கண்ணை மூடி, சொன்னார். நாங்கள் கைதட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடுத்து, கரண்ட் போகலாம். போனது. எங்கள் ஊரில் அது சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும் என்று எவ்வளவோ வாதாடினேன். இருட்டுக்குள்ளிருந்து அம்மா சொன்னார்:

“அதுக்கு இங்கிலீஷும் தெரியும்போல.”

இதற்கு நடுவில் எங்கள் நெல்லுக்கு முறை வந்தபாடில்லை. சாக்கு இல்லை என்றார்கள். சாக்கு வந்தபோது லாரி இல்லை என்றார்கள். பக்கத்து அம்பாரத்துக்காரர் காத்திருந்து காத்திருந்து, வேளாங்கண்ணிக்கு ஒரு வேண்டுதல் பாக்கியிருக்கிறது, போய்ச் செலுத்திவிட்டு வந்துவிடுகிறேன் என்று மனைவியோடு பஸ் ஏறினார். “நெல்லை ஒரு கண்ணு பாத்துக்கங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அண்ணிக்கு வார விடுமுறை. எங்களுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். அப்பா கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே மேற்கே இருண்டது. இந்த மேகம் அவசரமாக வந்தது. காற்றில் மண்வாசனை ஏறியது. சுற்றியிருந்தவர்கள் வழக்கம்போல “இது கடலுக்குப் போற மேகம்” என்று சொல்லிக்கொண்டே கயிறுகளைத் தேடினார்கள்.

“அண்ணி, இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. வானத்தைப் பாத்து சொல்லுங்க” என்றேன்.

“இங்கேயா? எல்லாரும் இருக்காங்க தம்பி.”

“யாருக்கு இங்கிலீஷ் தெரியப்போவுது?”

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேகத்தைப் பார்த்து, தெளிவாக, “இட் மைட் ரெயின் திஸ் ஈவினிங்” என்றார். ஒரு தடங்கல் இல்லை. அருமையான ‘மைட்’. நான் துள்ளிக் குதித்தேன்.

“பாப்பா என்ன சொல்லுது?” என்று மண்வெட்டிக்காரர் கேட்டார்.

குதித்த வேகத்தில் நான் மொழிபெயர்த்துவிட்டேன். “சாயங்காலம் மழை வந்தாலும் வரும்ங்குறாங்க.”

கயிறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டு அண்ணியைப் பார்த்தார்கள். ஒருவர் கீழே துப்பினார். சரியாக அந்த நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. வேளாங்கண்ணியிலிருந்து பக்கத்து அம்பாரத்துக்காரர். வழக்கம்போல ஸ்பீக்கரில்தான் பேசினார் அப்பா.

“அங்க வானம் எப்படி இருக்கு? இங்க கொஞ்சம் மூட்டமா இருக்கே?”

அப்பா நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு நேர் மேலே மேகம் நின்றது.

“இங்கயா? பளிச்சுன்னு இருக்குண்ணே. நீங்க நல்லபடியா மாதாவைக் கும்பிட்டுட்டு வாங்க. ஒண்ணும் வராது.”

அவர் போனை வைத்ததும் பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது.

எங்கள் நெல்லை மூடிவிட்டோம். பக்கத்து அம்பாரத்தில் தார்ப்பாய் ஒரு பக்கம் எட்டவில்லை. அவருடைய பெரிய தார்ப்பாய் வீட்டில் இருப்பது எங்களுக்குத் தெரியாது. வீட்டிலிருந்த மச்சினனுக்கு நெல் நனைகிற விஷயமே தெரியாது. நானும் அப்பாவும் சாக்கு, வைக்கோல், என் சட்டை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு மூடிப் பார்த்தோம். மழை எங்களைவிட வேகமாக வேலை செய்தது. அம்பாரத்தின் கிழக்கு ஓரம் முழுக்க நனைந்துபோயிற்று.

மழையைத் திட்ட முடியாதவர்கள் எங்களைத் திட்டினார்கள். “படிச்ச பொண்ணுங்க வாயில இதுதான் வருமா?” என்றார் ஒருவர். “மாசி மழையை இங்கிலீஷ் பேசி வரவழைச்ச ஊரு நம்ம ஊருதான்” என்றார் இன்னொருவர். “இனிமே அந்தப் பாப்பா வந்தா சாப்பாட்டைக் குடுத்துட்டுப் பேசாமப் போகச் சொல்லு தம்பி” என்று மண்வெட்டிக்காரர் எனக்கு நல்ல புத்தி சொன்னார். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. அம்மா வாசலிலேயே நின்றார்.

“வகுப்பு முடிஞ்சுது” என்றார்.

“அம்மா, மேகம் அண்ணி வர்றதுக்கு முன்னாடியே...”

“முடிஞ்சுதுன்னா முடிஞ்சுது.”

அம்மா சொன்னதைவிட என்னை உலுக்கியது அண்ணி சொன்னது. “விடுங்க தம்பி. எனக்கே என்னமோ மாதிரி இருக்கு. பாஸ் பண்ணலைன்னா இங்கயே இருந்துட்டுப் போறேன்.” சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு அண்ணனின் வீடியோ கால் வந்தபோது எடுக்கவில்லை. தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. என் காளானும் தேனீயும் போனால் போகட்டும்; இது இரண்டு பேரின் வாழ்க்கை. நான் ஆரம்பித்த ஒன்று கெட்டுப்போனதில் முதல் தடவையாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலை அண்ணி வேலைக்குப் போகும் வழியில் நிலையத்துக்கு வந்தார். நனைந்த நெல்லைப் பார்க்க வேண்டும்போல இருந்தது என்றார். அவர் வந்து நிற்கவும், வேளாங்கண்ணியிலிருந்து பக்கத்து அம்பாரத்துக்காரர் வந்து சேரவும் சரியாக இருந்தது. புதிதாக மொட்டை போட்டு, தலையில் சந்தனம் பூசி, கையில் மெழுகுவத்திப் பையோடு நின்று தன் நெல்லைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“நான் போன் பண்ணிக் கேட்டனே! பளிச்சுன்னு இருக்குன்னு சொன்னியே!”

“கோயில்ல நிக்கிறீங்க. கெட்டதை எப்படிண்ணே வாயால சொல்றது?” என்றார் அப்பா, உண்மையான வருத்தத்தோடு.

“ஒரு வார்த்தை! வந்தாலும் வரும்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மச்சினனுக்கு போன் போட்டுப் பெரிய தார்ப்பாயைக் கொண்டாரச் சொல்லியிருப்பேன்ல?”

“உங்க மனசு கஷ்டப்படக் கூடாதேன்னு...”

“இப்ப குளுகுளுன்னு இருக்குய்யா என் மனசு!” என்று ஈர நெல்லை ஒரு கை அள்ளிக் காட்டினார். மொட்டைத் தலை சிவந்துபோயிற்று. “இத்தனை பேரு இருந்தீங்க. அத்தனை பேரு கண்ணுலயும் மேகம் பட்டுச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கல. எனக்கு மட்டும் யாரும் சொல்லல!”

மண்வெட்டிக்காரர் மண்வெட்டியைப் பார்த்தார். நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் மொட்டைத் தலைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார், வார்டில் ஒரு பேஷண்டின் சார்ட்டைப் பார்ப்பதுபோல. பிறகு பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னால் வந்தார்.

“பெரிய மாமா, நான் ஒண்ணு சொல்லலாமா?”

“சொல்லும்மா.”

“ஓரத்துல இருக்கறது முளைச்சுடலாம். இப்படியே விட்டா நடுவுல உள்ளதும் சூடேறிக் கெட்டுப்போகலாம். ஈரப்பதம் கூடுதலா இருக்குன்னு திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க.” ஒவ்வொன்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அப்பாவின் முகம் ஒவ்வொன்றுக்கும் சுருங்கியது. “இன்னிக்கே ஓரத்தைத் தனியாப் பிரிச்சு, வெயில் இருக்கும்போதே ரோட்டுல காயப்போட்டா, முக்காவாசிக்கு மேல எடுத்துக்குவாங்க. உங்க மச்சினனையும் வரச் சொல்லுங்க. மாமாவும் தம்பியும் ஒத்தாசை பண்ணுவாங்க.”

அந்த வாசலில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மொட்டைத் தலைக்காரர் ஒரு கணம் அண்ணியை முறைத்தார். பிறகு, “இதைச் சொல்றதுக்கு ஒரு ஆளு நேத்து இல்லாமப் போச்சே” என்று முனகிக்கொண்டே போனை எடுத்தார்.

“இருந்தாங்க. சொன்னாங்க. இங்கிலீஷ்ல” என்றேன். அப்பா என் தொடையில் கிள்ளினார்.

பஸ் நிறுத்தத்துக்கு அண்ணியோடு நடந்தேன். பாதி வழியில் அவர் தானாகவே சொன்னார்:

“இவங்களுக்கெல்லாம் மேகம் தெரியுது தம்பி. அதனால வாயால சொல்லாட்டியும் கை தார்ப்பாயை இழுத்துடுது. பேஷண்டுக்கு அவர் உடம்புக்குள்ள இருக்க மேகம் தெரியாது. எனக்குத்தான் தெரியும். நான் நல்லபடியாப் பேசுறேன்னு நெனச்சுக்கிட்டு, அவரை வேளாங்கண்ணியில நிக்க வச்சுட்டு வந்திருக்கேன்.”

“அப்ப சாயங்காலம் வகுப்பு?”

“அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன்.”

என்ன பேசினார் என்று தெரியாது. ஆனால் அன்று இரவு அம்மா புதிய நிபந்தனையோடு வந்தார். தேவதைக்கு ஆங்கிலம் தெரியும் என்பதில் அவருக்கு இப்போது சந்தேகமே இல்லை. ஆகவே கெட்டதைச் சொன்ன கையோடு, அது ‘அப்படியே ஆகட்டும்’ என்று வாயைத் திறப்பதற்குள், ஒரு நல்லதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நடுவில் மூச்சு விடக் கூடாது. அண்ணி அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சீழ் பிடிக்கலாம் ஆனால் தினமும் கட்டு மாற்றினால் ஆறிவிடும், ரத்தம் உறையலாம் ஆனால் எழுந்து நடந்தால் தவிர்க்கலாம் என்று ரயில் வேகத்தில் ஓட்டினார். “அண்ணி, மெதுவா. எதிரில இருக்கவருக்குப் புரியணும்” என்று நான் கத்த, “வேகமா, வேகமா!” என்று அம்மா கத்த, அண்ணி இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைக் கண்டுபிடித்தார்.

தேர்வு திருச்சியில். மையத்துக்கு வெளியே ஒரு இளநீர்க் கடையில் நான் காத்திருந்தேன். வெளியே வந்தவரின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“என்ன சீட்டு?”

“சர்க்கரை நோயாளி. கால்ல புண்ணு. பொண்ணு கல்யாணத்துக்குப் போயே ஆகணுங்கிறாரு.”

“சொன்னீங்களா?”

“எல்லாம் சொன்னேன். புண்ணு பெரிசாகலாம், காய்ச்சல் வரலாம், எல்லாமே. கடைசியில அவரு என்னைப் பாத்து, ‘காலை எடுக்கிற மாதிரி ஆயிடுமா?’ன்னு கேட்டுட்டாரு தம்பி. சீட்டுல அது இல்ல. அவராவே கேட்டாரு.”

“ஐயோ. என்ன சொன்னீங்க?”

“‘யூ மைட்’னேன்.” அண்ணி இளநீரை உறிஞ்சுவதை நிறுத்தினார். “அதோட நிறுத்திட்டேன். அத்தை சொன்ன மாதிரி உடனே நல்லதைச் சேர்க்கத் தோணல. அந்த மனுஷன் அதைக் கேட்டு முடிக்கட்டும்னு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நடிக்கிறவருதான், ஆனாலும் மூஞ்சி மாறிப்போச்சு. அப்புறம்தான், இங்கயே இருந்து மருந்து எடுத்துக்கிட்டா கல்யாணத்துக்கு நடந்தே போகலாம்னு சொன்னேன். வெறும் ‘மே’ இல்ல, அதைவிட உறுதியா ‘மே வெல்’ போட்டேன்.”

“‘மே வெல்’லா? அதை நான் சொல்லித் தரலையே!”

“நீங்க ஒருத்தர்தான் வீடியோ பாப்பீங்களா?”

முடிவு பங்குனி பாதியில் வந்தது. பாஸ். அண்ணி அண்ணனுக்கு வீடியோ கால் போட, அவன் தலைக்கவசத்தோடு அழுதான். நெட்வொர்க்கும் அன்றைக்குப் போகவில்லை. அப்பா கொள்முதல் நிலையத்துக்கே போய் இனிப்பு கொடுத்தார். மொட்டைத் தலைக்காரருக்கு முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. காயப்போட்டு எடுத்த நெல்லில் பெரும்பகுதியை எடைபோட்டுக்கொண்டார்கள். “பாப்பா போறதுக்குள்ள குறுவைக்குத் தண்ணி வருமான்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு” என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பினார்.

அம்மாதான் எல்லாரையும்விட மகிழ்ந்தார். வந்தவர் போனவரிடமெல்லாம், “ரெண்டு பேரும் கொஞ்ச காலம் அங்க இருந்து சம்பாரிச்சுட்டு வந்துடுவாங்க. அதுக்குள்ள மாடியில ஒரு ரூம் கட்டிடணும்” என்றார். கொத்தனாரை வரச்சொல்லி அளவுகூடப் பார்த்தார். காளான் இருந்த மூலையும் அந்த அளவுக்குள் வந்தது. அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அண்ணி சாமான் தேய்க்கப் போய்விட்டார். நானும் போனை எடுத்துக்கொண்டேன். அண்ணனும் அண்ணியும் அங்கேயே இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருப்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

நேற்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் அண்ணி என்னை நிறுத்தினார்.

“தம்பி, கொத்தனார் திங்கட்கிழமை வேலையை ஆரம்பிக்கிறாராம். அதுக்கு முன்னாடி அத்தைகிட்ட நான் சொல்லியாகணும்.”

“என்னன்னு?”

“திரும்பி வராமலும் இருக்கலாம்னு.”

“இங்கிலீஷ்லயா?” என்று கேட்டுவிட்டேன். அது அசட்டுத்தனம் என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

“தமிழ்லதான். எனக்கு ஒரு தடவை நடிச்சுப் பாக்கணும். நீங்க அத்தையா இருங்க.”

நாளைக்குக் காலை பஸ் வருவதற்கு முன்னால், இதே கரையில் என்று பேசி வைத்திருக்கிறோம். நான் எத்தனையோ பேஷண்டாக நடித்தாயிற்று. எல்லாரையும்விட அடம்பிடிக்கிற ஆள் அம்மாதான். அம்மாவின் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: “யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?” என் பக்கம் திரும்பித்தான் கேட்பார். அதற்கு அண்ணி என்ன சொன்னாலும், அம்மா இரண்டாவதாக என்ன கேட்பார் என்பதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்காமல் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்துவிடவும் கூடும். அப்படியானால் அம்மாவாக நான் எவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நாளைக்கு நடித்துத்தான் பார்க்க வேண்டும்.